குவார்ட்டர்ஸ் சுவருக்குக் காகித அலங்காரம்: ஆயிரம் ரூபாய்க்குள் முடியுமா?

குவார்ட்டர்ஸ்காரி | மே 24

எல்லோருக்கும் வணக்கம். டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். ஹாலில் திவான் போட்டிருக்கும் சுவர் பத்தடி நீளம். ஒரு காலண்டர் ஆணியைத் தவிர அதில் எதுவும் இல்லை. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கண் போவது அந்தச் சுவருக்குத்தான். மூன்று படம் சேர்ந்த செட் ஒன்றைக் கடையில் விசாரித்தேன், 3,500 ரூபாய் சொன்னார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு, டியூஷன் செலவே கழுத்தை நெரிக்கிறது. ஆயிரத்துக்கு மேல் போக முடியாது.

நல்ல கிஃப்ட் பேப்பர், பூப்போட்ட தாள், கைவினைக் காகிதம் மாதிரி ஏதாவது வாங்கி நானே செய்யலாம் என்று ஆசை. பள்ளிக்கூட புராஜெக்டுக்குச் சார்ட் பேப்பர் ஒட்டிய அனுபவம் நிறைய உண்டு. சுவருக்கு என்று செய்ததில்லை. எந்தக் காகிதம், எதன் மேல் ஒட்டுவது, எப்படி மாட்டுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மயூர்விஹார்வாசி | மே 24

இவ்வளவு சிரமம் எதற்கு? பின்னால் உறிக்கிற ஸ்டிக்கர் வால்பேப்பர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு ரோல் வாங்கிச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இருக்கிறது.

குவார்ட்டர்ஸ்காரி | மே 24

உங்கள் வீட்டுச் சுவர் பெயிண்ட் அடித்தது என்று நினைக்கிறேன். எங்களுடையது டிஸ்டெம்பர். கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும். போன தீபாவளிக்கு இரட்டைப் பக்க டேப்பில் ஒரு தோரணம் ஒட்டினேன். விடிவதற்குள் டேப் தரையில் கிடந்தது, அதன் முதுகில் சுவரின் தோல் ஒட்டியிருந்தது.

பைண்டர்மகன் | மே 25

டேப்பின் மேல் குற்றமில்லை சகோதரி. சாதா டிஸ்டெம்பர் என்பது சுண்ணப்பொடியைக் கொஞ்சம் பசையோடு கலந்து பூசுவது. டேப் அந்தப் பொடியைத்தான் பிடிக்கிறது, சுவரைப் பிடிப்பதில்லை. அதனால் இந்தச் சுவரில் எதையும் ஒட்டும் எண்ணமே வேண்டாம். எதைச் செய்தாலும் அட்டையில் செய்து ஆணியில் மாட்டுங்கள்.

அப்பா திருச்சியில் புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் பசை தடவுவதுதான் என் வேலை. டெல்லிக்கு வந்து 14 வருடம் ஆகிறது, அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. விவரமாக இரவு எழுதுகிறேன்.

கரோல்பாக்மாமி | மே 25

காகிதம் வாங்க வேண்டுமென்றால் பழைய டெல்லி சாவ்ரி பஜாருக்குப் போம்மா. உன் பக்கத்து மார்க்கெட்டில் ஒரு தாள் வாங்குகிற காசுக்கு அங்கே இரண்டு கிடைக்கும். ஆர்.கே.புரம் மெட்ரோ ஸ்டேஷனில் மெஜந்தா லைன் ஏறி, ஹவுஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறினால் நேரே சாவ்ரி பஜார். மேலே வந்தால் ஹவுஸ் காஜி சௌக். அங்கிருந்து ஜாமா மசூதி பக்கம் போகிற தெரு முழுக்கக் காகிதம், கல்யாணப் பத்திரிகை, பித்தளைப் பாத்திரம். நடுவில் இடது பக்கம் பிரிவதுதான் நயி சடக், புத்தகமும் ஸ்டேஷனரியும் அங்கே. ஞாயிற்றுக்கிழமை போய்விடாதே, முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும்.

ஒரு விஷயம். மொத்த வியாபாரக் கடையில் ஒரு தாள் இரண்டு தாள் தரமாட்டார்கள். தஸ்தா என்பார்கள், 24 தாள். உனக்கு அவ்வளவு வேண்டாம். வாசலில் தாள்களைத் துணி மாதிரிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிற சின்னக் கடைகளில் சில்லறையாகவே கொடுப்பார்கள். கையால் தொட்டுப் பார்த்து வாங்கு. மடித்துக் கொடுத்தால் வாங்காதே, சுருட்டித்தான் கொடுக்கச் சொல்ல வேண்டும். மடிப்பு விழுந்தது விழுந்ததுதான்.

பைண்டர்மகன் | மே 25, இரவு

சரி, சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அட்டை: 2 அல்லது 3 மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை வாங்குங்கள். இங்கே கத்தா என்று கேட்க வேண்டும். சன்போர்டு என்று வெள்ளையாக ஒன்று காட்டுவார்கள். அது பிளாஸ்டிக் நுரை. மைதா பசை அதில் பிடிக்காது.

அளவு: கைவினைக் காகிதம் பெரும்பாலும் 22க்கு 30 அங்குலத் தாளாக வரும். அட்டையை 18க்கு 24 ஆக வெட்டினால் நாலு பக்கமும் பின்னால் மடித்து ஒட்டத் தாராளமாக விளிம்பு கிடைக்கும். அந்த அளவில் மூன்று பலகை, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால் உங்கள் திவானுக்கு மேல் சரியாக உட்காரும்.

பசை: ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் சிறு தீயில் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். ஃபெவிகால் தப்பில்லை, ஆனால் சீக்கிரம் பிடித்துவிடும். தாள் கோணலாக விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்க முடியாது. மைதா பசை உங்களுக்கு நேரம் கொடுக்கும்.

ஒட்டுவது: இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தாளின் பின்புறத்தில் பசை தடவியதும் உடனே அட்டையில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் பட்டதும் காகிதம் விரியும். விரிந்து முடிந்த பிறகு வைத்தால் சுருக்கம் வராது. முன்னாடியே வைத்துவிட்டால் அட்டையின் மேலேயே விரிந்து குமிழ் குமிழாக எழும்பும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காய்ந்த துணியால் தடவிக்கொண்டே வாருங்கள்.

மூலை: நாலு மூலையிலும் தாளைக் குறுக்காக வெட்ட வேண்டும். வெட்டு அட்டையின் மூலையைத் தொடக்கூடாது. அட்டையின் கனத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி வெட்டுங்கள். அந்தச் சின்ன மிச்சத்தை நகத்தால் உள்ளே அழுத்திவிட்டு அடுத்த பக்கத்தை மடித்தால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்காது. அப்பா என்னைத் திட்டியதில் பாதி இந்த மூலைக்காகத்தான்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். முன்னால் தாள் ஒட்டினால் பின்னாலும் ஒரு தாள் ஒட்டியே ஆக வேண்டும். காக்கித் தாள் போதும். காகிதம் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்னாலும் ஒன்று இழுத்தால்தான் அட்டை நேராக நிற்கும். இரண்டும் ஒட்டி முடித்து, மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஏறிவிடும்.

முனிர்காமாணவி | மே 26

அண்ணா, காகிதத்துக்கு மரம் மாதிரி நார் ஓட்டம் உண்டு என்று எங்கள் டிசைன் வகுப்பில் சொன்னார்கள். இதற்கு அது பார்க்க வேண்டாமா?

பைண்டர்மகன் | மே 26

பார்க்க வேண்டும் தங்கை, நல்ல கேள்வி. மெஷினில் ஓடும்போது நார்கள் ஓடுகிற திசையிலேயே படுத்துவிடும். அதனால் மெஷின் காகிதம் ஈரத்தில் நீளவாக்கில் அவ்வளவாக விரியாது, குறுக்கேதான் விரியும். ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தொட்டுப் பாருங்கள். குழல் மாதிரிச் சுருளும். அந்தக் குழலின் நீளம்தான் நாரின் திசை. அட்டைக்கும் காக்கித் தாளுக்கும் இந்தத் திசை ஒன்றாக இருக்கட்டும், 24 அங்குலப் பக்கத்தோடு ஓடட்டும். கைவினைக் காகிதத்தில் கூழைச் சல்லடையில் அள்ளி ஆட்டுவதால் நார் நாலா திசையிலும் கிடக்கும். அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

மயூர்விஹார்வாசி | மே 26

மைதா பசை என்றால் பூச்சி வராதா? ஊரில் தாத்தாவின் புத்தகங்களை ராமபாணம் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பைண்டர்மகன் | மே 26

வரும். அதனால்தான் பைண்டிங் கடைகளில் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். ஆனால் அது விஷம். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் காய்ச்சவே கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மயில்துத்தமே வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் பசையைக் குறைவாகத் தடவி, முழுக்கக் காயவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை இறக்கித் துடைத்து மாட்டுங்கள்.

ஓய்வுபெற்றவன் | மே 27

கைவினைக் காகிதம் என்றதும் எழுதத் தோன்றியது. கதர்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சாவ்ரி பஜாரில் பார்க்கப்போகும் கைவினைத் தாள்களில் பெரும்பங்கு ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கனேரில் செய்தவை. மரக்கூழ் கிடையாது. பனியன் கம்பெனியில் வெட்டிப் போடும் பருத்தித் துண்டுகளை அரைத்துக் கூழாக்கிச் செய்கிறார்கள். பருத்தி நார் நீளமானது, அதனால்தான் அந்தத் தாள் மடித்தாலும் விரிசல் விடாமல் துணி மாதிரி வளைகிறது.

அங்கே இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர் அவர். கைக்காகிதத்தை மறுபடி உயிர்ப்பிக்க அந்தச் சங்கம் பாடுபட்டது. சாங்கனேரில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

கடையில் மேகம் மாதிரி, பளிங்குக் கல் மாதிரி வண்ணம் ஓடுகிற தாள் கிடைத்தால் விடாதீர்கள். பழைய பைண்டர்கள் அதை அப்ரி என்பார்கள். பாரசீகத்தில் மேகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கெட்டியான நீரின் மேல் சாயத்தை மிதக்கவிட்டு, சீப்பால் கோடிழுத்து, தாளை மேலே படுக்கவைத்து எடுப்பார்கள். ஒரு தாள் மாதிரி இன்னொன்று வராது. தக்காணத்தில் பிஜாப்பூர் ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை வைத்துப் படங்கள் செய்திருக்கிறார்கள்.

குவார்ட்டர்ஸ்காரி | ஜூன் 1

போய் வந்துவிட்டேன்! மாமி சொன்ன மாதிரி கம்பியில் தொங்கவிட்டிருந்த ஒரு சின்னக் கடை. கடைக்காரர் ஐம்பது தாளாவது எடுத்துப் போட்டிருப்பார், முகம் சுளிக்கவில்லை. கருநீலமும் துருச் சிவப்பும் கலந்து ஓடும் மேகத்தாள் மூன்று, தலா 80 ரூபாய். ஒரே சாயத்தொட்டியில் அடுத்தடுத்து எடுத்ததாம், ஆனால் மூன்றிலும் சுழி வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நூல் நூலாகப் பருத்தி தெரிகிறது. ஐயா எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் கடந்து வந்திருப்பேன்.

குவார்ட்டர்ஸ்காரி | ஜூன் 6

உதவி வேண்டும். முதல் பலகையை நேற்று இரவு ஒட்டினேன். முன்பக்கம் நன்றாக வந்தது, ஒரு குமிழ் கூட இல்லை. பசை தீர்ந்துவிட்டதால் பின்பக்கத்தைக் காலையில் பார்க்கலாம் என்று மேஜை மேல் வைத்துவிட்டுத் தூங்கினேன். தண்ணீர் ஊற்றுகிற கூலர் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தபோது நேராகத்தான் இருந்தது. மதியம் கரண்ட் போய்க் கூலர் நின்றது. வெளியே 44 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் அட்டை முன்பக்கமாக வில் மாதிரி வளைந்துவிட்டது. இரண்டு முனையும் மேஜையை விட்டு ஒரு அங்குலம் எழும்பி நிற்கிறது. அந்தத் தாளை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பைண்டர்மகன் | ஜூன் 6

தாள் போகவில்லை, பயப்படாதீர்கள். கூலர் ஓடும்வரை அறையில் ஈரம் இருந்தது, தாள் மெதுவாகக் காய்ந்தது. கூலர் நின்றதும் டெல்லி வெயில் ஒரே இழுப்பில் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்க ஆள் இல்லை.

இப்போதே காக்கித் தாளை வெட்டுங்கள், அட்டையை விட நாலு பக்கமும் கால் அங்குலம் குறைவாக. பசையை வழக்கத்தை விடக் கொஞ்சம் தண்ணியாக்கித் தடவி, நன்றாக விரியவிட்டு, பின்பக்கம் ஒட்டுங்கள். தண்ணீர் அதிகம் குடித்த தாள் அதிகம் விரியும், காயும்போது அதிகம் இழுக்கும். அது இப்போது உங்களுக்குத் தேவை. அட்டையை நேராக்கக் கையால் வளைக்காதீர்கள், உடைந்துவிடும். அப்புறம் எடை ஏற்றிக் கூலர் காற்று படாத அறையில் இரண்டு நாள்.

குவார்ட்டர்ஸ்காரி | ஜூன் 9

நேராகிவிட்டது. ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு நூல் இடைவெளிதான். பையனின் இயற்பியல், வேதியியல் புத்தகங்கள் எல்லாம் அதன் மேல்தான் இரண்டு நாளாக இருந்தன. அவன் படிக்க ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி கவனமாக அடுக்கி வைத்தான். ரொம்ப நன்றி அண்ணா. மற்ற இரண்டையும் முன்னும் பின்னும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டேன்.

முனிர்காமாணவி | ஜூன் 10

அக்கா, மிச்சச் சுவருக்கு விசிறி மடிப்பு வட்டம் செய்யலாம். நீளப் பட்டையை விசிறி மாதிரி மடித்து, இரண்டு முனையையும் ஒட்டி வட்டமாக விரிப்பதுதான். நான் ஹாஸ்டல் அறையில் சாதா கிஃப்ட் பேப்பரில் ஐந்து செய்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூட ஆகவில்லை.

நிறையப் பேருக்கு வட்டம் முழுசாக மூடாமல் வாய் பிளந்து நிற்கும். கணக்கு எளிது. பட்டையின் அகலம்தான் வட்டத்தின் ஆரம். சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு. அகலம் 10 சென்டிமீட்டர் என்றால் பட்டை 63 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் மூடும், மடிப்பு எடுப்பாக நிற்க வேண்டுமென்றால் 85 வேண்டும். ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அப்படி மூன்று பட்டைகளை ஒட்டினால் சரியாக வந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பு. மடிப்பு எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு முனையும் சேருமிடத்தில் இரண்டு மேடு பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். நடுவில் முன்னும் பின்னும் அட்டை வட்டம் ஒட்டி, பசை காயும்வரை ஒரு டம்ளரை மேலே வையுங்கள்.

கரோல்பாக்மாமி | ஜூன் 12

நான் ஒன்று சொல்கிறேன். மதுரா, பிருந்தாவன் பக்கம் சாஞ்ஜி என்று ஒரு கலை உண்டு. காகிதத்தில் மயிலும் மாடும் கிருஷ்ணனும் கத்தரியால் நுணுக்கமாக வெட்டி, அதன் மேல் வண்ணப்பொடி தூவிக் கோவில் தரையில் கோலம் போடுவார்கள். தலைநகருக்கு வந்த புதிதில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன், கால் நகரவில்லை. வீட்டுக்கு வந்து நம் சிக்குக் கோலத்தை அப்படி வெட்டினால் என்ன என்று உட்கார்ந்தேன்.

முதல் தடவை கோட்டை வெட்டி எடுத்தேன், தாள் துண்டு துண்டாகக் கொட்டிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் ஆகும். சிக்குக் கோலத்தில் கோடு சுற்றிச் சுற்றி மூடிக்கொள்கிறது, உள்ளே இருப்பது எதுவும் எதையும் தொடவில்லை. அதனால் கோட்டை விட்டுவிட்டு இடைவெளியை வெட்ட வேண்டும். கோடு எங்கும் அறுபடாமல் ஒன்றையொன்று தாண்டிப் போவதால் மொத்தமும் வலை மாதிரிச் சேர்ந்து நிற்கும். நம் பாட்டிகள் அறுபடாத கோடு என்று சொல்வதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம்!

ஐந்துக்கு ஐந்து புள்ளி வை. புள்ளிக்குப் புள்ளி 6 சென்டிமீட்டர். கோடு 8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். புது பிளேடு, கீழே பழைய அட்டை. நடுவில் இருக்கிற சின்னக் கண்களை முதலில் வெட்டு, வெளிச்சுற்று கடைசியில். வெளியை முதலில் வெட்டினால் பிடிமானம் போய்த் தாள் கிழியும். புள்ளிகள் எப்படியும் விழுந்துவிடும். பஞ்சிங் மெஷினில் குத்தின வட்டங்களை எடுத்துப் பின்தாளில் புள்ளி இடத்தில் ஒட்டிவிட்டு, கோலத்தை மேலே வை.

ஓய்வுபெற்றவன் | ஜூன் 13

மாமி, அருமை. பின்தாளுக்கு வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் தடவியதைக் குப்பையில் போட மனம் வராமல் எல்லோரும் வைத்திருப்போம். உள்பக்கம் நல்ல கெட்டியான தாள். இன்னொன்று, மேற்கு வெயில் நேராக விழும் சுவரானால் எந்த வண்ணக் காகிதமும் வெளுத்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் பாதியைப் புத்தகத்தால் மூடிப் பால்கனியில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

குவார்ட்டர்ஸ்காரி | ஆகஸ்ட் 17

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாம் மாட்டியாகிவிட்டது, மழைக்காலமும் பாதி தாண்டிவிட்டது. பலகைகள் வளையவில்லை.

மாட்டின விதம்: ஆசாரியிடம் ஏழடி நீள மரச்சட்டம் ஒன்று வாங்கி, இரண்டே இரண்டு ஆணியில் சுவரில் பொருத்தினோம். மூன்று பலகையும் அதிலிருந்து சணல் கயிற்றில் தொங்குகின்றன. பலகையின் பின்னால் மேல்பக்கம் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்திருக்கிறேன். டிஸ்டெம்பரில் வேறு கை வைக்கவில்லை.

கணக்கு: மேகத்தாள் 240, அட்டை 165, காக்கித் தாள் 30, மரச்சட்டம் 120, சணலும் ஆணியும் 50, விசிறி வட்டத்துக்குக் கிஃப்ட் பேப்பர் 40, கோலத்துக்குச் சார்ட்டும் பிளேடும் 35. மொத்தம் 680 ரூபாய். மைதா வீட்டில் இருந்தது.

கோலத்தை வெட்ட எனக்கு நாலு சாயங்காலம் ஆனது. கருநீலச் சார்ட்டில் கோலம், பின்னால் எங்கள் கல்யாணப் பத்திரிகையின் சந்தன நிற உள்தாள்கள் சேர்த்து ஒட்டினது. அதை அந்தப் பழைய காலண்டர் ஆணியில் தனியாக மாட்டியிருக்கிறேன்.

போன வாரம் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்தார். பெட்டியைக் கூட வைக்காமல் கோலத்தின் முன்னால் போய் நின்று, விரலால் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார், ஒரு முழுச் சுற்று. அப்புறம் திரும்பி, "கீழ் வரிசையில ஒரு புள்ளிய விட்டுட்டியேம்மா" என்றார். எண்ணிப் பார்த்தேன், 24தான் இருந்தது. அன்றைக்கு இரவே இறக்கி, பஞ்சிங் மெஷினில் ஒரு வட்டம் குத்தி ஒட்டி மாட்டினேன்.